நான்கு டிராக்கில் ஒரு ஆர்கெஸ்ட்ரா: பீட்டில்ஸ் பாடல்கள் பதிவான விதம்

கேள்வி இதுதான்: பீட்டில்ஸ் குழு (ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார்) பெரும்பாலான பாடல்களை நான்கு டிராக் டேப் இயந்திரத்தில்தான் பதிந்தது என்கிறார்கள். ஆனால் 1967-இல் வந்த பாடல்களில் டிரம்ஸ், பேஸ், கிட்டார்கள், பியானோ, அடுக்கடுக்கான குரல்கள், போதாததற்கு ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவும் கேட்கிறது. நான்கில் இத்தனையும் எப்படி ஏறின? நால்வரும் சேர்ந்து வாசித்தது எவ்வளவு, வெட்டி ஒட்டியது எவ்வளவு?

டிராக் என்பது டேப்பின் நீளவாக்கில் ஓடும் ஒரு தனிப் பதிவுப் பாதை. நான்கு டிராக் என்றால் நான்கு வாத்தியம் என்று கணக்கில்லை. ஒரு டிராக்கில் மூன்று நான்கு வாத்தியங்களைச் சேர்த்தே பதிந்தார்கள். நான்கும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து இன்னொரு டேப்பில் ஒன்றாகவோ இரண்டாகவோ சுருக்கினார்கள். காலியான இடத்தில் அடுத்ததை ஏற்றினார்கள். அங்கே இதற்கு 'ரிடக்‌ஷன்' என்று பெயர். ஒருமுறை கலந்ததைப் பிறகு பிரிக்க வழியில்லை. டிரம்ஸ் எவ்வளவு சத்தம், கிட்டாருக்கு எவ்வளவு எதிரொலி என்பதெல்லாம் அந்த நிமிடமே முடிவாகி டேப்பில் உறைந்துவிடும். அந்தப் பதிவுகளின் தனி ஒலிக்குப் பெரும் காரணம் இந்தக் கட்டாயம்தான். அரிய மைக்குகளும் ஒலி கலக்கும் மேசைகளும் அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகின்றன.

முதலில் நான்கு டிராக்கும் இல்லை. லண்டனில் ஆபி ரோட்டில் இருந்த இ.எம்.ஐ. ஸ்டுடியோவின் இரண்டாம் எண் கூடத்தில், 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் 10 பாடல்களைப் பதிந்தார்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று அமர்வுகள். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின், ஒலிப் பொறியாளர் நார்மன் ஸ்மித். இயந்திரத்தில் இரண்டே டிராக்: ஒன்றில் வாத்தியங்கள், ஒன்றில் குரல்கள். இரண்டையும் சரியான அளவில் கலந்து மோனோ (எல்லா ஒலியும் ஒரே வழியில் வரும்) தட்டு போடத்தான் அந்தப் பிரிவினை. அதே டேப்பை ஸ்டீரியோ தட்டாகவும் விற்றதால்தான் முதல் ஆல்பத்தின் ஸ்டீரியோ பதிப்பில் ஒரு காதில் வாத்தியமும் மறு காதில் பாட்டுமாகப் பிளந்து கேட்கிறது. அதைக் கலை நோக்கம் என்று விளக்குவது தவறு.

அன்று பாடியதும் வாசித்ததும் ஒரே நேரத்தில்தான். தடுப்புப் பலகைகள் வைத்தாலும் டிரம்ஸ் ஒலி பாடகரின் மைக்குக்குள்ளும், குரல் வாத்திய மைக்குக்குள்ளும் புகுந்துவிடும். அதனால் குரலை மட்டும் அழித்துத் திரும்பப் பாட முடியாது. பழைய குரலின் நிழல் வாத்திய டிராக்கில் கிடக்கும். 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாடலைக் கடைசிக்குத் தள்ளியதற்கும் ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. அதைப் பாடினால் ஜான் லெனனின் தொண்டை போய்விடும், வேறு எதையும் பாட முடியாது. நாள் முழுக்கப் பாடி, சளியோடு இருந்த தொண்டையில் பாடிய முதல் டேக்தான் (தொடக்கம் முதல் பதிந்த ஒரு முயற்சி) இன்றும் நாம் கேட்பது. இரண்டாவது டேக் முயன்றார்கள், குரல் மிச்சமில்லை.

நான்கு டிராக் இயந்திரம் அவர்கள் கைக்கு வந்தது அதே ஆண்டு அக்டோபர் 17-இல், 'ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்' பாடலுக்கு. அதன்பின் வேலை முறையே மாறியது. முதலில் தாளமும் கிட்டாரும் சேர்ந்த அடிப்படைப் பதிவு. அது சரியாக அமைந்த பிறகு குரல். பிறகு கைத்தட்டல், தம்பூரின், கிட்டார் தனி வாசிப்பு. ஏற்கெனவே பதிந்ததைக் கேட்டுக்கொண்டே புதியதைப் பதியும்போது ஒரு சிக்கல் வரும். டேப் இயந்திரத்தில் பதியும் ஹெட் (டேப் உரசிச் செல்லும் காந்த முனை) முன்னால், வாசிக்கும் ஹெட் சற்றுப் பின்னால் இருக்கும். நடுவே ஒன்றரை அங்குலம் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 15 அங்குலம் ஓடும் டேப்பில் அது பத்தில் ஒரு நொடித் தாமதம். பாடகர் பழையதைக் கேட்டுச் சரியாகப் பாடினாலும் டேப்பில் பிசகி விழும். அதனால் பதியும் ஹெட்டையே அந்த வேளைக்கு வாசிக்கவும் பயன்படுத்தி, அதன் ஒலியை ஹெட்போனில் கொடுத்தார்கள். அந்த ஒலி மங்கலாக இருக்கும். பாடுவதற்கு அது போதும். இந்த ஏற்பாட்டை நினைவில் வையுங்கள், பின்னால் ஒரு பெரிய கண்டுபிடிப்பே இதிலிருந்து பிறக்கிறது.

இனி சுருக்கும் வேலையின் விலை. காந்த டேப்புக்கு இயல்பாகவே 'உஸ்' என்ற இரைச்சல் உண்டு. ஒரு டிராக்கை அப்படியே நகலெடுத்தால் பழைய டேப்பின் இரைச்சலோடு புது டேப்பின் இரைச்சலும் சேர்ந்து ஏறக்குறைய 3 டெசிபல் கூடும். நான்கு டிராக்கைச் சம அளவில் ஒன்றாகக் கலந்தால் நான்கின் இரைச்சலும் சேர்ந்து 6 டெசிபல், அதற்கு மேல் புது டேப்பின் பங்கு. கூடவே ஒவ்வொரு நகலிலும் உச்ச ஒலிகள் கொஞ்சம் தேயும். முதலில் அடிபடுவது தாளத்தட்டுகள். முதலில் பதிந்த டிரம்ஸ் இரண்டு தலைமுறை தாண்டினால் மங்கி உள்ளே போய்விடும் என்று பொறியாளருக்குத் தெரியும். ஆகவே பதியும்போதே கூர்மையைத் தேவைக்கு மேல் ஏற்றிவைப்பார்கள். ஒரு அங்குல அகல டேப்பில் நான்கு டிராக் என்பது தாராளமான அகலம். 1965-இல் இருந்து வந்த ஸ்டூடர் ஜே37 இயந்திரமும் தரமானது. இல்லாவிட்டால் இந்த அடுக்குவேலை இவ்வளவு சுத்தமாக நின்றிருக்காது.

பால் மெக்கார்ட்னியின் பேஸ் கிட்டார் 1967-இல் திடீரென அவ்வளவு தெளிவாக, தனிப் பாட்டு போலக் கேட்பதற்கும் இதுதான் விடை. முன்பெல்லாம் பேஸ், டிரம்ஸோடு சேர்ந்து முதல் டிராக்கிலேயே விழுந்து, சுருக்கச் சுருக்க அமுங்கியது. அந்த ஆண்டு வந்த 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தின் காலத்தில் பல பாடல்களுக்கு மற்றதெல்லாம் முடிந்தபின் பேஸைக் கடைசியாகத் தனி டிராக்கில் வாசித்தார். அது எந்த நகலுக்கும் உட்படவில்லை. பாட்டின் முழு வடிவமும் காதில் இருக்கும்போது வாசிப்பதால் எங்கே நிற்பது, எங்கே மேலேறுவது என்பதும் தெரிந்துவிடும்.

1966 ஏப்ரல்தான் உண்மையான திருப்பம். நார்மன் ஸ்மித் விலகியதும் ஜெஃப் எமெரிக் பொறியாளர் நாற்காலிக்கு வந்தார், வயது 20. காலால் அடிக்கும் பெரிய பேஸ் டிரம்முக்கு அருகே மைக்கைக் கொண்டுபோகக் கூடாது, காற்றழுத்தம் மைக்கைக் கெடுத்துவிடும் என்பது அங்கே விதி. அவர் மைக்கை நெருக்கி வைத்தார். டிரம்முக்குள் ஒரு கம்பளிச் சட்டையைத் திணித்தார். வந்த ஒலியை ஃபேர்சைல்ட் 660 லிமிட்டர் (உச்ச ஒலியை அடக்கும் கருவி) வழியே நெருக்கிப் பிழிந்தார். கம்பளி டிரம்மின் நீண்ட முழக்கத்தை உறிஞ்சி 'தொம்' என்று குறுக்கியது. லிமிட்டரோ அடி விழும் கணத்தை அமுக்கி, அடுத்து வரும் தேய்வை மேலே இழுத்தது. ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸ் அந்த ஆண்டு முதல் நெஞ்சில் இடிப்பது போலக் கேட்பது இப்படித்தான்.

அந்த மாதம் முதலில் எடுத்துக்கொண்டது 'டுமாரோ நெவர் நோஸ்'. ஒரே சுருதியில் கிடக்கும் பாட்டு, மேலே பறவைக் கூச்சல் போன்ற ஒலிகள். அவை டேப் வளையங்கள். மெக்கார்ட்னி வீட்டு டேப் இயந்திரத்தில் அழிக்கும் ஹெட்டை வேலை செய்யவிடாமல் செய்து, சிறு டேப் துண்டின் இரு முனையையும் ஒட்டி வளையமாக்கிச் சுழலவிட்டார். அழிக்காததால் சுற்றுக்குச் சுற்று ஒலி மேலே ஒலி படிந்து கெட்டியாகும். கடற்பறவை போலக் கேட்பது அவரே சிரித்த ஒலி, வேகம் கூட்டியது. ஏப்ரல் 7 அன்று ஐந்து வளையங்களை ஐந்து இயந்திரங்களில் ஏற்றினார்கள். வளையம் இயந்திரத்தைவிடப் பெரிதாக வெளியே தொங்கும். தளர்ந்தால் ஹெட்டை விட்டு விலகும். எனவே ஊழியர்கள் பென்சிலை உள்ளே கொடுத்து விறைப்பாகப் பிடித்துக்கொண்டே நின்றார்கள். ஐந்தும் நிற்காமல் ஓட, மேசையில் ஃபேடர்களை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடிகளை) ஏற்றி இறக்கினால் அந்த நேரத்தில் எந்த ஒலி வருகிறதோ அது பாட்டில் விழும். ஒரு வளையமும் பாட்டின் தாளத்தோடு கட்டப்படவில்லை. அதே வரிசையை இன்னொருமுறை கொண்டுவர யாராலும் முடியாது. பாதிக்கு மேல் லெனனின் குரல் மலையிலிருந்து வருவதுபோல் அலைவது, ஹேமண்ட் ஆர்கனுக்கான சுழலும் லெஸ்லி ஒலிபெருக்கிக்குள் குரலை அனுப்பி, அதை மறுபடி மைக்கில் பிடித்ததால்.

முன்பு சொன்ன ஹெட் இடைவெளிக்கு இப்போது வருவோம். குரல் தடித்துக் கேட்க, பாடியதையே மேலே இன்னொருமுறை பாடிப் பதிவது அவர்கள் வழக்கம். லெனனுக்கு இது சலிப்பு. டேப்பில் இரண்டாவது டிராக்கும் வீணாகும். பராமரிப்புப் பொறியாளர் கென் டவுன்சென்ட் 1966-இல் ஒரு வழி கண்டார். கலக்கும் வேளையில் டேப்பின் குரலை இரண்டு இடத்தில் எடுக்கலாம்: வாசிக்கும் ஹெட்டிலிருந்தும், அதற்குமுன் இருக்கும் பதியும் ஹெட்டிலிருந்தும். இரண்டாவது முன்கூட்டியே வருகிறது. அந்த முந்தி வரும் குரலை இன்னொரு டேப் இயந்திரத்தில் பதிந்து உடனே வாசித்தால், அங்குள்ள ஹெட் இடைவெளி ஒரு தாமதம் கொடுக்கும். முந்தியதும் தாமதமும் ஏறக்குறைய சமமானால் இரண்டு குரலும் ஒன்றின்மேல் ஒன்று வந்து அமரும். இயந்திர மோட்டாரின் வேகம் அதற்குக் கொடுக்கும் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. லண்டன் வீதி மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதற்குப் பதில் ஓர் ஆசிலேட்டரை (வேண்டிய அதிர்வெண்ணை உண்டாக்கும் கருவி) இணைத்துக் கையால் குமிழைத் திருகினால் இரண்டாவது குரல் சில பத்து மில்லிநொடிகள் முன்னும் பின்னும் நகரும், சுருதியும் துளி அசையும். காது அதை 'இன்னொரு முறை பாடியது' என்று ஏற்றுக்கொள்ளும். ஏ.டி.டி. (ஆர்ட்டிஃபிஷியல் டபுள் டிராக்கிங், செயற்கை இரட்டைப் பதிவு) என்று சொல்வது இதைத்தான். திருகாமல் ஒரே இடத்தில் விட்டால் ஏமாற்று வெளிப்பட்டுவிடும்: இரண்டு ஒலியும் ஒன்றையொன்று தின்று, குழாய்க்குள் பேசுவதுபோல் ஆகும்.

அதே ஆசிலேட்டர்தான் அவர்களின் மற்ற வித்தைகளுக்கும் அச்சாணி. 'ரெய்ன்' பாடலின் தாளப் பதிவை வேகமாக வாசித்துவிட்டு, இயந்திரத்தை மெதுவாக ஓட்டினார்கள். அடி ஒவ்வொன்றும் ஆழமாகி, தேய்வு நீண்டு, டிரம்ஸ் பெரிய உடம்போடு நடப்பதுபோல் ஆனது. 'வென் ஐம் சிக்ஸ்டி ஃபோர்' பாடலை ஏறக்குறைய அரை சுரம் உயர்த்தியதில் குரல் இளமையானது. அதற்கும் முன்பே, 1965-இல் 'இன் மை லைஃப்' பாடலின் பியானோ பகுதியை ஜார்ஜ் மார்ட்டின் பாதி வேகத்தில், ஒரு ஸ்தாயி கீழே வாசித்தார். இயல்பு வேகத்தில் ஓட்டினால் ஹார்ப்சிகார்டு போலத் துள்ளும். அதை ஹார்ப்சிகார்டு என்றே பலர் எழுதிவிடுகிறார்கள்; அது பியானோ.

டேப்பை வெட்டி ஒட்டியதில் எல்லாவற்றையும் விட நுட்பமானது 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்'. 1966 நவம்பர் இறுதியில் பதிந்த மென்மையான வடிவம் ஒன்று, டேக் 7. தொடக்கத்தில் புல்லாங்குழல் போல ஒலிப்பது மெல்லோட்ரான்: ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு டேப் துண்டு, அதிகபட்சம் எட்டு நொடி ஒலிக்கும் வாத்தியம். டிசம்பரில் வேகமான, முரட்டுத்தனமான இன்னொரு வடிவம். நான்கு ட்ரம்பெட், மூன்று செல்லோ, ஜார்ஜ் ஹாரிசன் வாசித்த சுவர்மண்டல் என்ற இந்தியத் தந்தி வாத்தியம் எல்லாம் அதில், டேக் 26. லெனனுக்கு முதலாவதின் தொடக்கமும் இரண்டாவதின் மீதியும் பிடித்தன. இரண்டுக்கும் சுருதி வேறு, வேகம் வேறு.

அதிர்ஷ்டம் எங்கே இருந்தது என்றால், வேகமான வடிவமே சுருதியிலும் உயர்ந்திருந்தது. டேப்பை மெதுவாக்கினால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். வேகமானது சுருதியில் தாழ்ந்திருந்தால் 1966-இல் இதற்கு மருந்தே கிடையாது. டிசம்பர் 22 அன்று முதலாவதைத் துளி வேகமாக்கி, இரண்டாவதை நன்றாக மெதுவாக்கி, இரண்டும் சந்திக்கும் புள்ளியைத் தேடி வெட்டினார்கள். வழக்கமான வெட்டு 45 பாகை சாய்வு. இங்கே அதைவிடப் படுக்கையான நீண்ட சாய்வு. சாய்வு நீள நீள ஒரு ஒலி தேய்ந்து மற்றொன்று எழும் நேரம் கூடும், 'டக்' என்று தெரியாது. ஒட்டு ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் வருகிறது. நல்ல ஹெட்போனில், செல்லோ நுழையும் இடத்தில் பின்னணிக் காற்றே மாறுவதைக் கவனியுங்கள். அதன்பின் லெனனின் குரல் கொஞ்சம் கனத்து, தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் இருக்கும். நடிப்பு ஒன்றும் இல்லை, மெதுவாக்கிய டேப்.

இப்போது ஆர்கெஸ்ட்ரா. 'எ டே இன் த லைஃப்' பாடலின் அடிப்படையை 1967 ஜனவரி 19 அன்று பதியும்போது நடுவே 24 பார் (தாளச் சுற்று) காலியாக விட்டார்கள். என்ன வரும் என்று அப்போது தெரியாது. உதவியாளர் மால் எவன்ஸ் ஒன்று முதல் எண்ணினார், முடிவைக் குறிக்க அலாரம் கடிகாரத்தை அடிக்கவைத்தார். அடுத்த பகுதி விழித்தெழுவது பற்றியே இருந்ததால் கடிகார ஒலி பாட்டிலேயே தங்கிவிட்டது. பிப்ரவரி 10 அன்று முதலாம் எண் கூடத்தில் 40 இசைக்கலைஞர்கள். ஒவ்வொருவரும் தம் வாத்தியத்தின் அடி சுரத்தில் தொடங்கி 24 பாருக்குள் உச்சிக்கு ஏற வேண்டும், பக்கத்தில் இருப்பவரைப் பின்பற்றக் கூடாது. கூட்டமாக ஒரே குரலில் வாசிப்பதற்கே பழகியவர்களிடம் இதைக் கேட்பது எளிதல்ல. அதை நான்கு முறை, நான்கு டிராக்கில் பதிந்தார்கள். ஆக 160 பேர் அளவு ஒலி.

பாட்டு இருந்த டேப்பில் அதற்கு இடமில்லை. டவுன்சென்ட் முதல் இயந்திரத்தின் டேப்பில் 50 ஹெர்ட்ஸ் ஒலியைப் பதிந்து, அதைப் பெருக்கி இரண்டாவது இயந்திரத்தின் மோட்டாருக்கு மின்சாரமாகக் கொடுத்தார். முதலாவது துளி தளர்ந்தால் இரண்டாவதும் அதே அளவு தளரும். வேகம் ஒத்துப்போனது, தொடக்கப் புள்ளியை ஒத்துப்போகச் செய்ய இதில் வழியில்லை. டேப்பில் குறி வைத்து, இரண்டையும் கையால் ஒரே கணத்தில் ஓடவிட்டு, பிசகினால் மறுபடி. 'சார்ஜென்ட் பெப்பர்' முழுவதும் இப்படி இரண்டு இயந்திரத்தை இணைத்துப் பதிந்தது என்று படித்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். அந்த ஆல்பத்தின் மற்ற பாடல்கள் சுருக்கும் முறையிலேயே உருவானவை.

பாட்டின் கடைசி ஒலி பிப்ரவரி 22-இல். மூன்று பியானோக்களில் ஒரே கணத்தில் இ மேஜர் கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டு). எல்லோர் விரலும் ஒன்றாக விழ ஒன்பது டேக் ஆனது. அதன்மேல் மூன்று அடுக்கு, ஹார்மோனியத்தோடு. 40 நொடிக்கு மேல் அது ஒலிப்பது பியானோவின் பலத்தால் மட்டும் அல்ல. தொடக்கத்தில் ஃபேடரைத் தாழ்த்திவைத்து, ஒலி தேயத் தேய மெல்ல ஏற்றிக்கொண்டே போனார் எமெரிக். கம்பியின் தேய்வைக் கை ஈடுகட்டியது. முடிவில் ஃபேடர் உச்சத்தில் நின்றதால் கூடத்தின் காற்றோட்டமும் ஒரு நாற்காலி கிறீச்சிடுவதும் உள்ளே வந்துவிட்டன. சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேட்டால் இரண்டும் பிடிபடும்.

மோனோ, ஸ்டீரியோ எதைக் கேட்பது என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் உண்டு. 1967 வரை குழுவினர் கூட இருந்து பார்த்துப் பார்த்துச் செய்தது மோனோ. ஸ்டீரியோவைப் பின்னர் பொறியாளர்கள் குறைந்த நேரத்தில் முடித்தார்கள். ஏ.டி.டி. திருகல் கையால் செய்வது, ஆகவே இரண்டிலும் வேறுவேறு. 'ஷீஸ் லீவிங் ஹோம்' மோனோவில் வேகமாகவும் உயர்ந்த சுருதியிலும் இருக்கிறது, ஸ்டீரியோவில் சாய்ந்து இழுக்கிறது. 'பெப்பர்' வரை மோனோதான் அவர்கள் ஒப்பிய வடிவம் என்பது என் கருத்து.

நான்கு டிராக்கின் காலம் 1968-இல் முடிந்தது. 'ஹே ஜூட்' பாடலுக்கு எட்டு டிராக் தேவைப்பட்டு லண்டனிலேயே டிரைடென்ட் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். செப்டம்பரில் ஆபி ரோட்டிலும் எட்டு டிராக் இயந்திரம் பயன்பாட்டுக்கு வந்தது. அங்கே வால்வு மேசையும் போய், 24 உள்ளீடும் எட்டு வெளியீடும் கொண்ட டிரான்சிஸ்டர் மேசை வந்தது. 'ஆபி ரோட்' ஆல்பம் முந்தையவற்றைவிட வழவழப்பாக, உருண்டையாக ஒலிப்பதற்கு அந்த இரண்டு மாற்றமும் காரணம். வெட்டி ஒட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை. அந்த ஆல்பத்தில் இடைவெளியின்றித் தொடரும் பாடல் வரிசையின் நடுவே இருந்த 'ஹர் மெஜஸ்டி' வேண்டாம் என்று வெட்டப்பட்டது. எதையும் தூக்கி எறியக் கூடாது என்பது உதவிப் பொறியாளருக்கு இருந்த உத்தரவு. அவர் அதை வெற்று டேப்பின் பின்னால், ரீலின் கடைசியில் ஒட்டிவைத்தார். அப்படியே கேட்டு, அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதன் முதல் ஒலியாக மோதுவது முந்தைய பாடலின் கடைசிக் கார்டு. அதன் சொந்தக் கடைசி சுரம் அடுத்த துண்டோடு போய்விட்டது.

பிரிக்க முடியாது என்று மேலே சொன்னேன் அல்லவா, அது அரை நூற்றாண்டுக்கும் மேல் உண்மையாக இருந்தது. 2022-இல் 'ரிவால்வர்' ஆல்பத்தை ஜார்ஜ் மார்ட்டினின் மகன் கைல்ஸ் மார்ட்டின் மறுபடி கலந்தபோது, திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன் குழுவின் மென்பொருள் ஒரே டிராக்கில் உறைந்திருந்தவற்றைத் தனித்தனியாக உரித்தெடுத்தது. 'டாக்ஸ்மேன்' பாடலில் டிரம்ஸ், பேஸ், கிட்டார் மூன்றும் ஒரே டிராக்கில் இருந்தவை. பழைய மோனோவையும் 2022 பதிப்பையும் அடுத்தடுத்து ஓடவிட்டால், அன்று ஒரே முடிவாகக் கலந்தது எது என்பது காதுக்கே தெரியும்.